ஒரு கோப்பு கிடைக்கவில்லை: பழைய மடிக்கணினியும் லினக்ஸ் வைஃபையும்

2025 அக்டோபர் 14ஆம் தேதியோடு விண்டோஸ் 10க்கு வந்துகொண்டிருந்த வழக்கமான பாதுகாப்புத் திருத்தங்கள் நின்றுபோயின. விண்டோஸ் 11 போடலாம் என்றால், அது டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்புச் சிப்பையும் ஓரளவு புதிய பிராசசரையும் கேட்கிறது. பத்துப் பன்னிரண்டு வயதான மடிக்கணினி வைத்திருப்பவர்கள், ஓடுகிற பொருளைப் பழைய சாமான் கடைக்குப் போட மனமில்லாமல், லினக்ஸ் பக்கம் வருகிறார்கள். போட்டுப் பார்த்தால் பெரும்பாலும் எல்லாமே முதல் தடவையிலேயே ஓடிவிடுகின்றன. திரை வருகிறது, ஒலி வருகிறது, டச்பேட் நகர்கிறது, பிரிண்டர்கூடப் பேசுகிறது. வைஃபை மட்டும் வருவதில்லை.

ஏன் வைஃபை மட்டும்? இருபது ஆண்டாகக் கேட்கப்படும் கேள்வி இது. வழக்கமாகக் கிடைக்கும் பதில்கள் இரண்டு. "லினக்ஸ்னா அப்படித்தான்" என்பது ஒன்று. "இந்த நாலு கட்டளையைப் போட்டுப் பாருங்க" என்பது மற்றொன்று. நோய் எது என்று பார்க்காமல் இரண்டும் தீர்ப்புச் சொல்லிவிடுகின்றன. பழைய லினக்ஸ் மடிக்கணினிகளின் வைஃபைத் தொல்லையில் பெரும்பங்கு தொழில்நுட்பக் குறையால் வந்ததன்று என்பது என் கணிப்பு. சிப் எப்படி வேலை செய்கிறது என்ற தகவலும், சிப்புக்குள் ஓட வேண்டிய ஒரு சிறு கோப்பைப் பிறருக்குக் கொடுக்கும் உரிமையும் யார் கையில் இருந்தன என்பதுதான் அன்றும் இன்றும் இதைத் தீர்மானிக்கிறது. அந்தக் கண்ணோடு பார்த்தால் எந்தக் கணினிக்கு எது வழி என்பதும் விளங்கிவிடும்.

வைஃபை அட்டையை ஒரு குட்டிக் கணினி என்றே சொல்லலாம். அதற்குள் ஒரு சிறு பிராசசர் இருக்கிறது. எந்த நொடியில் அலையை வீசுவது, எப்போது காத்திருப்பது, பாக்கெட் வந்து சேர்ந்ததற்கு எப்படிப் பதில் சொல்வது என்பதையெல்லாம் மைக்ரோ நொடிக் கணக்கில் அது பார்த்துக்கொள்கிறது. அதை ஓட்டும் நிரலுக்குப் பெயர் ஃபர்ம்வேர். அந்த நிரலை அட்டையிலேயே நிரந்தரமாக எழுதிவைக்கத் தனி நினைவகச் சிப் வேண்டும், அதற்குச் செலவாகும். அதனால் பெரும்பாலான நிறுவனங்கள் அட்டையை வெறுமையாக விட்டுவிட்டன. கணினி எழும் ஒவ்வொரு முறையும், லினக்ஸின் மையப்பகுதியான கர்னலுக்குள் இருக்கும் டிரைவர், வட்டிலிருந்து அந்தக் கோப்பை எடுத்து அட்டைக்கு ஊட்டுகிறது. டிரைவர் இருந்து ஃபர்ம்வேர் இல்லையென்றால் அட்டை மின்சாரம் வாங்கிக்கொண்டு சும்மா உட்கார்ந்திருக்கும். வீட்டில் அடுப்பும் பாத்திரமும் தயார், அரிசி மட்டும் இல்லை என்கிற நிலை.

ஒரு கணினியைக் கிட்டத்தில் வைத்துப் பார்ப்போம். 2010 வாக்கில் வந்த மடிக்கணினி. உள்ளே பிராட்காம் நிறுவனத்தின் பிசிஎம்4312 சிப். டெர்மினலைத் திறந்து எல்எஸ்பிசிஐ என்ற கட்டளையை அடித்து, ஒரு சிறு கோட்டுக்குப் பின் என், என், கே என்ற மூன்று எழுத்தையும் சேர்த்துப் போட்டால், பிசிஐ வழியில் இருக்கும் எல்லாக் கருவிகளின் பட்டியலும் வரும். வைஃபை அட்டையின் வரியில் சதுர அடைப்புக்குள் 14ஈ4:4315 என்று ஓர் எண் இருக்கும். முதல் பாதி நிறுவனத்துக்கு, இரண்டாம் பாதி சிப்புக்கு. இங்கே ஒரு கண்ணி இருக்கிறது. 4315 என்ற அடையாள எண் கொண்ட சிப்பின் பெயர் பிசிஎம்4312. 4312 என்ற அடையாள எண் கொண்ட சிப்போ பிசிஎம்4311. பெட்டியில் எழுதியதையும் விற்பனைப் பெயரையும் நம்பி ஃபர்ம்வேர் தேடியவர்கள் எத்தனையோ பேர் இந்த இடத்தில் ஒரு நாளைத் தொலைத்திருக்கிறார்கள். அடைப்புக்குள் இருக்கும் எண்ணை மட்டும் நம்ப வேண்டும்.

அதே வரியின் கீழே, இப்போது எந்த டிரைவர் அட்டையைப் பிடித்திருக்கிறது, எந்தெந்த டிரைவருக்குப் பிடிக்கத் தகுதி உண்டு என்ற இரண்டு தகவலும் இருக்கும். முதல் தகவல் இல்லாமல் இரண்டாவது மட்டும் இருந்தால், டிரைவர் இருக்கிறது, ஏதோ ஒன்று அதைத் தடுக்கிறது என்று பொருள். அடுத்து டிமெசேஜ் என்ற கட்டளை, கர்னல் எழுந்ததிலிருந்து எழுதிவைத்த குறிப்புகளைக் காட்டும். நம் கணினியில் அங்கே யுகோட்15 என்ற ஃபர்ம்வேர் கோப்பு பி43 அடைவில் கிடைக்கவில்லை என்ற பிழை இருக்கும். நோய் பிடிபட்டுவிட்டது. டிரைவர் சரி, அட்டை சரி, கோப்பு ஒன்று குறைகிறது. அந்தக் கோப்பு ஏன் வட்டில் இல்லை என்பதுதான் மிச்சக் கதை.

2000களின் தொடக்கத்தில் மடிக்கணினிக்குள் வைஃபை நுழைந்தபோது பிராட்காம் சிப்கள் மலிவாகவும் வேகமாகவும் இருந்ததால் பல நிறுவனங்கள் அவற்றையே வைத்தன. மடிக்கணினி லினக்ஸுக்கு டிரைவரும் வரவில்லை, சிப்பின் ஆவணங்களும் வெளியாகவில்லை. முதலில் வந்த மாற்றுவழி என்டிஐஎஸ்ரேப்பர். விண்டோஸுக்காக எழுதப்பட்ட டிரைவரை லினக்ஸ் கர்னலுக்குள் அப்படியே ஏற்றி, தான் விண்டோஸுக்குள் இருப்பதாக அதை நம்பவைக்கும் உத்தி அது. அன்றைக்கு அது பலருக்கு இணையம் தந்தது, மறுக்கவில்லை. ஆனால் உள்ளே என்ன நடக்கிறது என்று யாராலும் பார்க்க முடியாத ஒரு பொருள் கர்னலின் மடியில் உட்கார்ந்திருந்தது. கணினி உறைந்து நின்றால் எங்கே போய் முறையிடுவது? இன்றைக்கு யாராவது என்டிஐஎஸ்ரேப்பரைப் பரிந்துரைத்தால் அந்த ஆலோசனை பதினைந்து ஆண்டுப் பழையது என்று கொள்ளலாம்.

உண்மையான விடையைத் தந்தவர்கள் வேறு வழியில் போனார்கள். லிங்க்சிஸ் ரூட்டர்களில் பிராட்காம் சிப்புக்கான டிரைவர், படிக்க முடியாத இயந்திர வடிவில், லினக்ஸுக்குள்ளேயே ஓடிக்கொண்டிருந்தது. ஒரு குழு அதைப் பிரித்துப் படித்து, சிப்பின் எந்த இடத்தில் எந்த மதிப்பை எழுதினால் என்ன நடக்கிறது என்று சாதாரண மொழியில் குறிப்பேடு எழுதியது. இன்னொரு குழு, மூல டிரைவரைக் கண்ணால்கூடப் பார்க்காமல், குறிப்பேட்டை மட்டும் படித்துப் புதிய டிரைவரை எழுதியது. பிறர் எழுத்தை நகலெடுத்தார்கள் என்ற குற்றச்சாட்டு எழாதிருக்கவே இப்படி நடுவில் ஒரு சுவர். மைக்கேல் பியூஷும் தோழர்களும் எழுதிய அந்த டிரைவர் 2006 ஜூனில் வந்த 2.6.17 கர்னலில் சேர்ந்தது. பின்னர் எம்ஏசி80211 என்ற பொது வைஃபை அடுக்கின் மேல் மறுபடி எழுதப்பட்டு, 2008 ஜனவரியில் வந்த 2.6.24 கர்னலில் பி43 என்ற பெயரோடு நுழைந்தது. நம் 4312 சிப்புக்கு ஆதரவு வர 2009 டிசம்பரின் 2.6.32 வரை ஆயிற்று. நிறுவனத்தில் யாரோ ஒருவர் ஒரு மதியத்தில் அனுப்பியிருக்கக்கூடிய ஆவணத்துக்கு ஈடாக, சம்பளம் வாங்காத மனிதர்கள் ஆண்டுக்கணக்கில் உழைத்தார்கள். இந்தக் கணக்கை நினைக்கும்போதெல்லாம் எனக்கு மனம் ஆறுவதில்லை.

அவர்களில் லாரி ஃபிங்கர் என்ற பெயரைத் தமிழ் வாசகர்களும் தெரிந்துவைத்திருக்க வேண்டும். பி43 குறிப்பேடுகளிலும் டிரைவரிலும் உழைத்தவர். பின்னாளில் ரியல்டெக் சிப்களின் டிரைவர்களைக் கர்னலுக்குள் கொண்டுவந்து பராமரித்தவர். முதுமையிலும் தொடர்ந்து திருத்தங்களை அனுப்பிக்கொண்டிருந்த அவர் 2024 ஜூனில் காலமானார். பழைய மடிக்கணினியில் லினக்ஸோடு வைஃபை ஓடுகிறது என்றால், அந்த ஓட்டத்தில் அவர் கை பட்டிருக்க நல்ல வாய்ப்பு உண்டு.

டிரைவர் கிடைத்தது, சரி. ஃபர்ம்வேர்? அது பிராட்காமின் சொத்து. பிறருக்கு விநியோகிக்க அனுமதி இல்லை. ஆகவே விசித்திரமான ஒரு வழக்கம் உருவாயிற்று. நிறுவனத்தின் சொந்த டிரைவரைப் பயனரே இறக்கிக்கொள்ள வேண்டும். பி43-எஃப்டபிள்யூகட்டர் என்ற சிறு நிரல் அதன் வயிற்றைக் கீறி, உள்ளே இருக்கும் ஃபர்ம்வேர் துண்டுகளை வெட்டி எடுத்து வட்டில் வைக்கும். டெபியன், உபுண்டு ஆகிய லினக்ஸ் வகைகளில் இருக்கும் ஃபர்ம்வேர்-பி43-இன்ஸ்டாலர் என்ற பொதியில் ஃபர்ம்வேர் கிடையாது. இறக்கி வெட்டும் வேலையைச் செய்யும் சிறு நிரல்தான் இருக்கிறது. அது இறக்கிக்கொண்ட மூலக் கோப்பு பல ஆண்டுகள் லாரி ஃபிங்கரின் சொந்தத் தளத்திலிருந்தே வந்தது. உலகெங்கும் ஓடும் கணினிகளின் இணைய வசதி ஒரு தனிமனிதரின் தளத்தை நம்பி நின்றது. இத்தாலியின் பிரேசியா பல்கலைக்கழகத்தில் சிலர் இதற்கு மாற்றாகத் திறந்த ஃபர்ம்வேரையே எழுதிப் பார்த்தார்கள். அது பழைய சில சிப்களில் ஓடியது. நம் 4312 அந்தப் பட்டியலில் இல்லை.

2010 செப்டம்பரில் பிராட்காம் மனம் மாறித் திறமூல டிரைவர் ஒன்றை வெளியிட்டது. மகிழ்ச்சியான செய்திதான். ஆனால் அது 4313, 43224, 43225 போன்ற புதிய சிப்களுக்கு மட்டும். அதற்கு முன் விற்றுத் தீர்ந்தவை அப்படியே விடப்பட்டன. பழைய மடிக்கணினிக்காரரைப் பாதிப்பது இந்த இடைவெளி. நிறுவனத்துக்கு விற்றுமுடித்த சிப்பில் வருமானம் இல்லை. வாங்கியவருக்கோ அந்தச் சிப்தான் உலகத்துக்கான வாசல்.

மற்ற நிறுவனங்கள் எப்படி? இன்டெல் 2003இல் சென்ட்ரினோ என்ற பெயரில் வைஃபையைப் பரப்பியது. லினக்ஸ் டிரைவரையும் தந்தது. 2006இல் வந்த 3945 அட்டைக்கு மட்டும், அலைவரிசை விதிகளைக் காக்க என்று மூடிய நிரல் ஒன்றும் கூடவே ஓட வேண்டும் என்றது. ஓபன்பிஎஸ்டி என்ற வேறொரு திறமூல இயங்குதளத்துக்காரர்கள் அந்த நிரலே இல்லாமல் அதே அட்டையை ஓட்டிக்காட்டினார்கள். பிறகு இன்டெலும் அதைக் கைவிட்டது. ஃபர்ம்வேரைப் பகிர இன்டெல் அனுமதித்ததால் இன்றைக்குப் பழைய இன்டெல் அட்டைகளில் பெரிய தொல்லை கிடையாது. ராலிங்க் சிப்களும் அநேகமாக அப்படித்தான்.

ஏதரோஸ் கதை சொல்லத் தக்கது. அதன் பழைய சிப்களுக்கு மேட்வைஃபை என்ற டிரைவர் இருந்தது. வன்பொருளைத் தொடும் பகுதி மட்டும் அதில் மூடிய துண்டு. ஓபன்பிஎஸ்டியின் ரைக் ஃப்ளோட்டர் அந்த மூடிய துண்டுக்குத் திறந்த மாற்றை எழுதினார். அதிலிருந்து ஏத்5கே டிரைவர் பிறந்து 2008 ஏப்ரலில் கர்னலுக்குள் வந்தது. அதே ஆண்டு ஜூலையில் ஏதரோஸே முன்வந்து புதிய சிப்களுக்கான ஏத்9கே டிரைவரை முழுத் திறமூலமாகக் கொடுத்தது. அந்தக் குடும்பத்தின் பிசிஐ அட்டைகளுக்கு வட்டிலிருந்து ஃபர்ம்வேர் ஏற்றும் தேவையே இல்லை. ஏஆர்9285, ஏஆர்9485 அட்டை உள்ள மடிக்கணினியில் எந்த லினக்ஸைப் போட்டாலும் நிறுவும்போதே வைஃபை வந்து நிற்கும். எனக்கு இந்த ஓர் உரைகல் போதும்: தகவல் திறந்திருந்த சிப் இன்றும் ஓடுகிறது, மூடியிருந்தது ஒவ்வொரு கர்னலோடும் மல்லுக்கட்டுகிறது.

நிறுவனங்கள் அன்று சொன்ன காரணம் அலைவரிசைக் கட்டுப்பாடு. டிரைவரைத் திறந்தால் பயனர்கள் அனுமதிக்கப்படாத அலைவரிசையிலும் அளவுக்கு மீறிய வலுவிலும் ஒலிபரப்புவார்கள், அமெரிக்காவின் எஃப்சிசி எங்களைக் கேட்கும் என்றார்கள். அந்த அச்சம் முழுக்கக் கற்பனை என்று சொல்லமாட்டேன். விதிகள் உண்மையிலேயே இருக்கின்றன. ஆனால் ஏத்9கே திறந்த பிறகு வானம் இடிந்து விழவில்லை. ஓபன்பிஎஸ்டியின் தியோ டி ராட் கேட்டது அதையும்விடச் சிறியது. ஃபர்ம்வேரின் மூலநிரல்கூட வேண்டாம், கோப்பை விநியோகிக்கும் உரிமையும் சிப்பின் ஆவணமும் கொடுங்கள் என்று நிறுவனம் நிறுவனமாக எழுதினார். கட்டற்ற மென்பொருள் அறக்கட்டளை 2004க்கான விருதை அவருக்குக் கொடுத்தபோது இந்தப் போராட்டத்தையும் குறிப்பிட்டது. அந்தச் சிறு கோரிக்கையை பிராட்காம் அன்றே ஏற்றிருந்தால் நம் யுகோட்15 கோப்பு எல்லா லினக்ஸ் வட்டிலும் இருந்திருக்கும்.

பிராட்காமின் சொந்த மூடிய டிரைவர், டபிள்யூஎல், 2008 முதல் கிடைக்கிறது. உபுண்டுவில் 'கூடுதல் டிரைவர்கள்' என்ற சாளரத்தில் ஒரு பொத்தானை அழுத்தினால் வருவது இதுதான். இதை விநியோகிக்க அனுமதி உண்டு என்பதால் எளிதாகவும் கிடைக்கிறது. அதனாலேயே பலரும் இதையே முதல் மருந்தாகச் சொல்கிறார்கள். எனக்கு இதில் உடன்பாடு இல்லை. அதன் கடைசிப் பதிப்பு 2015இல் வந்தது. நடுவே ஒரு மூடிய கட்டி, அதைச் சுற்றிக் கர்னலோடு பேசும் மெல்லிய திறந்த உறை என்பதுதான் அதன் அமைப்பு. கர்னல் மாறும்போதெல்லாம் உறையை டெபியன், உபுண்டு, ஆர்ச் ஆகியவற்றின் தன்னார்வலர்கள் ஒட்டுப்போட்டுத் தைத்துக்கொண்டிருக்கிறார்கள். டிகேஎம்எஸ் என்ற ஏற்பாடு ஒவ்வொரு கர்னல் மேம்பாட்டின்போதும் அதைப் புதிதாகக் கட்டவேண்டும். கட்டுவது தோற்றால் மறுநாள் காலை வைஃபை இருக்காது. மின்கையெழுத்திட்ட நிரலை மட்டும் அனுமதிக்கும் செக்யூர் பூட் இயங்கும் கணினியில், கையெழுத்தில்லாத இந்த டிரைவர் மாட்யூலைக் கர்னல் ஏற்காது. நிறுவும்போது கேட்ட கடவுச்சொல்லை, மறுதொடக்கத்தில் வரும் நீலத்திரையில் தந்து சாவியைப் பதிய வேண்டும். அந்த நீலத்திரையைப் பிழை என்று எண்ணித் தாண்டிவிட்டவர்கள் பலர். போதாக்குறைக்கு 2019 ஏப்ரலில் இந்த டிரைவரில் நினைவகம் வழியும் ஓட்டைகள் கண்டுபிடிக்கப்பட்டு வெளியாயின. மூடிய கட்டிக்குள் இருக்கும் ஓட்டையை வெளியாள் அடைக்க முடியாது.

ஆகவே என் பரிந்துரை இது. பி43 பிடிக்கும் சிப்பாக இருந்தால், வேகம் கொஞ்சம் குறைந்தாலும் பி43ஐயே வைத்துக்கொள்ளுங்கள். 43142, 4360 போன்ற சிப்களுக்கு டபிள்யூஎல்லை விட்டால் வேறு டிரைவர் இல்லை. அங்கே அதைப் போட்டுக்கொண்டு, முந்தைய கர்னல் ஒன்றையும் அழிக்காமல் வைத்திருங்கள். இரண்டையும் ஒரே நேரத்தில் வைக்காதீர்கள். இரு டிரைவர்கள் ஒரே அட்டைக்கு அடித்துக்கொள்ளும். கட்டளைகளைப் பல இடத்திலிருந்து திரட்டிப் போட்டவர்களின் கணினியில் நான் அதிகம் பார்க்கும் கோளாறு இதுதான்.

இனி, டிரைவரே காரணமில்லாத தொல்லைகள். இவை எண்ணிக்கையில் குறைந்தவை அல்ல.

எதிர்வீட்டு அக்காவின் மகள் ஒருநாள் மாலை தன் மடிக்கணினியோடு வந்தாள். "மாமா, நல்லாத்தான் ஓடிக்கிட்டு இருந்துச்சு. ஃபேன் கிளீன் பண்ணக் குடுத்து வாங்கினதுல இருந்து வைஃபை கட் ஆகிக்கிட்டே இருக்கு. ரூட்டர் பக்கத்துல உக்காந்தாத்தான் வருது." பதில் அவள் சொன்னதிலேயே இருந்தது. நானோ இரண்டு மாலை டிரைவரையே துருவிக்கொண்டிருந்தேன். கர்னலை மாற்றினேன், ஃபர்ம்வேரை மாற்றினேன். மூன்றாம் நாள் அடிமூடியைக் கழற்றியபோது, அட்டையில் மாட்டியிருக்க வேண்டிய கறுப்பு ஆன்டெனா ஒயர் பக்கத்தில் சும்மா கிடந்தது. மிளகளவு உலோகத் தலை அது. அட்டையின் முனைமேல் நேராக வைத்துக் கட்டைவிரலால் அழுத்தினால் டிக் என்று உட்காரும். உட்கார்ந்தது. ரூட்டருக்கு இரண்டடியில் மைனஸ் 78 டிபிஎம் என்று காட்டிக்கொண்டிருந்த அலைவலு மைனஸ் 41க்கு வந்தது. இந்த இணைப்பியை முப்பது தடவை மாட்டிக் கழற்றத்தான் தாங்கும் என்று உற்பத்தியாளர் கணக்கு. அதனால் அவசியமின்றித் தொடவும் கூடாது.

இதே ஆன்டெனாக் கோளாறு மென்பொருள் வழியாகவும் வந்ததுண்டு. ரியல்டெக் 8723பிஇ சிப் உள்ள மடிக்கணினிகள் சிலவற்றில் தயாரிப்பாளர்கள் ஒரே ஒரு ஆன்டெனாவை இணைத்து விற்றார்கள். அட்டையின் உள்நினைவகத்திலோ மற்ற முனையைப் பயன்படுத்து என்று எழுதியிருந்தது. விண்டோஸில் ஓடியது; லினக்ஸில் அடுத்த அறைக்குப் போனால் அலையே இல்லை. லாரி ஃபிங்கர் அந்த டிரைவரில் ஆன்ட்_செல் என்ற ஒரு தெரிவைச் சேர்த்தார். அதற்கு 1 அல்லது 2 என்று மதிப்புக் கொடுத்து மாட்யூலை மறுபடி ஏற்றினால், ஒன்றில் அலை பாயும். பத்து நொடி வேலை. தெரியாதவர்கள் கணினியையே மாற்றினார்கள்.

அட்டை அடியோடு அணைந்திருந்தால் ஆர்எஃப்கில் என்ற கட்டளையைப் போட்டுப் பார்க்க வேண்டும். மென்தடை, வன்தடை என்று இரண்டைச் சொல்லும். மென்தடையைக் கட்டளையாலேயே நீக்கலாம். வன்தடை என்றால் பக்கவாட்டில் உள்ள சிறு சுவிட்சோ செயல்விசையோ காரணம். சுவிட்சே இல்லாத மாடல்களிலும் வன்தடை காட்டும் விந்தை உண்டு. லெனோவோ ஐடியாபேட் வரிசையில் இது பரவலாக இருந்ததால், இல்லாத சுவிட்சை நம்பாதே என்று கர்னலுக்குள்ளேயே மாடல்களின் பட்டியல் ஒன்றை வைத்துப் பராமரித்தார்கள். சுவிட்சே உடைந்துபோன கணினிக்குக் கடைசி வழி: மினி பிசிஐ எக்ஸ்பிரஸ் அட்டையில் 20ஆம் எண் முனைதான் 'அணை' என்ற ஆணையைக் கொண்டுவருகிறது. வெப்பம் தாங்கும் மெல்லிய டேப்பால் அந்த ஒரு முனையை மட்டும் மூடிச் செருகினால் ஆணை அட்டைக்கு எட்டாது. கை நடுக்கமில்லாதவர்கள் செய்யலாம்.

அக்கம்பக்கத்து ரூட்டரெல்லாம் தெரிகிறது, நம் வீட்டு ரூட்டர் மட்டும் தெரியவில்லை என்றால் அலைவரிசையைப் பாருங்கள். இந்தியாவில் 2.4 கிகாஹெர்ட்ஸ் பட்டை 2005 முதலும், 5 கிகாஹெர்ட்ஸ் பட்டையின் பெரும்பகுதி 2018 அக்டோபர் முதலும் உரிமம் வேண்டாத பட்டைகள். இங்கே 12, 13ஆம் சேனல்கள் செல்லும். அமெரிக்காவுக்கென அமைக்கப்பட்ட அட்டை அவற்றைப் பார்க்காது. நாட்டுக் குறியீட்டை இந்தியா என்று மாற்றலாம். அட்டை கேட்கவில்லையென்றால் ரூட்டரை 1, 6, 11 ஆகியவற்றில் ஒன்றில் நிறுத்திவிடுவது சுலபம். புதிய ரூட்டர் டபிள்யூபிஏ3 என்ற பாதுகாப்பு முறையை மட்டும் கேட்டால் பழைய அட்டைகள் பல ஒட்டாது. டபிள்யூபிஏ2வையும் அனுமதிக்க வேண்டும். சில நிமிடத்துக்கு ஒருமுறை இணைப்பு அறுந்தால் மின்சேமிப்பை அணைத்துப் பார்க்கலாம். கடவுச்சொல் சரியாக இருந்தும் சேராத சில அட்டைகளுக்கு, இணைப்புகளைக் கவனிக்கும் நெட்வொர்க்மேனேஜர் நிரல் தேடலின்போது போலி முகவரி காட்டும் வழக்கத்தை நிறுத்தினால் சரியாகிவிடுகிறது.

அட்டையையே மாற்றிவிடலாமே என்று கேட்கலாம். பல நேரம் அதுவே நியாயமான வழி. பழைய ஏதரோஸ் அல்லது இன்டெல் அட்டை சில நூறு ரூபாய்க்குள் கிடைக்கிறது. வாங்கும் முன் ஒன்றைச் சரிபார்க்க வேண்டும். அந்தக் காலத்து லெனோவோ திங்க்பேட், எச்பி மாடல்கள் பலவற்றின் பயாஸ், தான் அங்கீகரித்த அட்டைகளின் பட்டியலில் இல்லாததைக் கண்டால் கணினியையே எழவிடாது. காசு கொடுத்து வாங்கிய கணினிக்குள் எந்த அட்டையைச் செருகலாம் என்பதை விற்றவர் தீர்மானிக்கும் இந்த வழக்கத்துக்கு ஏற்கத்தக்க காரணம் எதையும் நான் இதுவரை கேட்டதில்லை. பட்டியல் தடுத்தால் யுஎஸ்பி டாங்கிள். வாங்கும்போது பெட்டியில் 'லினக்ஸ் ஆதரவு' என்று எழுதியிருந்தால் போதாது. உள்ளே இருக்கும் சிப்புக்குக் கர்னலிலேயே டிரைவர் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். குறுந்தகட்டில் மூலநிரல் கொடுத்து நீங்களே கட்டிக்கொள்ளுங்கள் என்று சொல்லும் டாங்கிள் இரண்டு கர்னல் மாறினால் செத்துவிடும்.

தமிழ்நாட்டுக்கு இதில் தனிப் பங்கு இருக்கிறது. 2011 செப்டம்பரில் தொடங்கிய விலையில்லா மடிக்கணினித் திட்டத்தில் ஐம்பது லட்சத்துக்கு மேற்பட்ட மடிக்கணினிகள் மாணவர் கைக்குப் போயின. தொடக்க ஆண்டுகளில் வந்தவற்றில் விண்டோஸோடு, சி-டாக் நிறுவனம் டெபியனிலிருந்து உருவாக்கிய பாஸ் லினக்ஸும் இருந்தது. அவற்றில் கணிசமானவை இன்றும் பரண்மேல் இருக்கின்றன. தம்பி தங்கைகள் தூசி தட்டி எடுத்துவருகிறார்கள். பேட்டரி போயிருக்கும், விசைப்பலகையில் இரண்டு எழுத்து விழுந்திருக்கும். ஒரு எஸ்எஸ்டியும் லினக்ஸும் போட்டால் பாடம் பார்க்கவும் நிரல் எழுதவும் தாராளமாக ஓடும். வைஃபை வந்தால். வீட்டில் ஈதர்நெட் கம்பி இருக்கும் குடும்பங்கள் குறைவு, அதனால் இந்தச் சின்னக் கோப்பு அங்கே பெரிய தடையாகிவிடுகிறது.

டெபியன் இதை நீண்ட காலம் கொள்கைக் கேள்வியாகவே வைத்திருந்தது. கட்டற்றதல்லாத ஃபர்ம்வேரை அதிகாரபூர்வ நிறுவல் வட்டில் சேர்க்கமாட்டோம் என்றார்கள். கொள்கை உயர்ந்தது, ஆனால் அதன் பாரத்தைச் சுமந்தது நிறுவனம் அல்ல, முதல் நாள் லினக்ஸுக்கு வந்தவர். 2022இல் உறுப்பினர்கள் வாக்களித்து அதை மாற்றினார்கள். 2023 ஜூனில் வந்த டெபியன் 12 முதல், தேவையான ஃபர்ம்வேர் வட்டிலேயே வருகிறது. இன்டெல், ரியல்டெக் அட்டைக்காரர்களுக்கு அன்றோடு தொல்லை தீர்ந்தது. நான் அந்த முடிவின் பக்கம். ஆனால் பி43 ஃபர்ம்வேர் அப்போதும் உள்ளே வரவில்லை, வரவும் முடியாது. டெபியன் சம்மதித்தாலும், கொடுக்கும் உரிமை டெபியனிடம் இல்லையே. வைஃபை வர வைஃபை வேண்டும் என்ற நிலையில்தான் அந்தக் கணினி இன்னும் நிற்கிறது.

அதற்குக் கைவசம் இருக்கும் தீர்வு நம் சட்டைப்பையில் இருக்கிறது. ஆண்ட்ராய்டு ஃபோனை யுஎஸ்பி கம்பியால் மடிக்கணினியோடு இணைத்து, ஃபோன் அமைப்பில் யுஎஸ்பி டெதரிங்கை இயக்கினால் போதும். அதற்கான டிரைவர் கர்னலிலேயே இருப்பதால் கம்பி இணைப்புப் போல உடனே இணையம் வரும். சார்ஜ் மட்டும் ஏற்றும் மலிவான கம்பியாக இருக்கக் கூடாது. இணையம் வந்ததும் டெபியனின் மூலப் பட்டியலில் 'கான்ட்ரிப்' பகுதியைச் சேர்த்து, உங்கள் சிப்புக்கு உரிய பி43 ஃபர்ம்வேர் இன்ஸ்டாலரை நிறுவலாம். அது மூலக் கோப்பை இறக்கும், வெட்டும், துண்டுகளைப் பி43 அடைவில் வரிசையாக எழுதும். திரையில் ஒவ்வொரு கோப்பின் பெயராக ஓடுவதைப் பார்க்கலாம். பிறகு பி43 மாட்யூலை இறக்கி ஏற்றிவிட்டு மறுபடி டிமெசேஜ் போடுங்கள். யுகோட்15 கிடைக்கவில்லை என்ற வரி இருந்த இடத்தில் இப்போது ஃபர்ம்வேர் ஏற்றப்படுகிறது என்று வரும், கூடவே கோப்பு உருவான தேதியும். பெரும்பாலும் அது 2011 பிப்ரவரி 23 என்று இருக்கும். கீழே வலது மூலையில் வைஃபைச் சின்னத்தைச் சொடுக்கினால் தெருவில் உள்ள ரூட்டர்களின் பெயர்கள் ஒவ்வொன்றாக ஏறி வரும்.